வெள்ளிக் கற்றையில் விடை கண்ட அறிஞர் ஓட்டோ ஸ்டெர்ன்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு மாணவர்க்குப் பயன்படத்தக்க ஒரு சான்றோரின் வரலாற்றை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். வெள்ளியோடு தொடர்புடைய ஓர் அறிவியலறிஞரையே எடுத்துக்கொள்வது பொருத்தம் என எண்ணினேன். காஞ்சி நகரத்தார்க்கு வெள்ளியைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் மின்னும் அசல் சரிகை, மேலே பொன் முலாம் பெற்றிருப்பினும், உள்ளே பட்டிழையைச் சுற்றிய வெள்ளிக் கம்பியேயாம். கம்பியை எத்துணை மெல்லிதாக இழுக்கலாம் என்பதை நம் ஊரார் அறிவர். அதனினும் மெல்லிதாக, ஆவியாக்கி அணு அணுவாகவே பிரித்து, அவ்வணுக்களை ஒரு காந்தத்தின் இடையே ஓடவிட்டு, இயற்கை தன்னுள் மறைத்து வைத்திருந்த ஒரு பெரும் செய்தியை 1922ஆம் ஆண்டு வெளிப்படுத்தியவர் ஓட்டோ ஸ்டெர்ன் என்னும் ஜெர்மானிய யூத அறிஞர். அவர் வரலாற்றை இயன்றவரை எளிய முறையில் இங்குக் கூறுவேன்.

ஸ்டெர்ன் 1888ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் மேல் சைலீசியாவில் சோராவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அன்று பிரஷ்ய நாட்டைச் சேர்ந்திருந்தது. இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் தானிய வணிகர். ஐந்து மக்களுள் ஓட்டோவே மூத்தவர். 1892இல் குடும்பம் பிரெஸ்லாவ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக் கல்வி அங்கேயே நடைபெற்றது.

இத்தகைய மலர்களில் வரலாறு எழுதுவோர், தாம் எழுதும் சான்றோர் வறுமையில் வாடித் தெருவிளக்கில் படித்தவர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஸ்டெர்ன் அத்தகையவர் அல்லர். அவர் வீட்டில் செல்வம் இருந்தது. எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியரிடம் கற்க விரும்பினாரோ அங்கெல்லாம் சென்று கற்க அச்செல்வம் இடம் தந்தது. ஃபிரைபர்க், மியூனிக், பிரெஸ்லாவ் என மூன்று இடங்களில் பயின்று, 1912இல் பௌதிக வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். வேலை தேட வேண்டிய கட்டாயம் இல்லாமையால், அந்நாளில் பிராக் நகரில் பேராசிரியராக இருந்த ஐன்ஸ்டைனிடம் சென்று சேர்ந்தார். ஐன்ஸ்டைன் சூரிச் நகருக்கு மாறியபோது இவரும் உடன் சென்றார். வீட்டில் அடுத்த வேளைக்கு அரிசி உண்டு என்னும் உறுதி ஒரு மாணவனுக்கு எத்துணைப் பெரிய ஆய்வுக்கருவி என்பதை நம் பிள்ளைகள் மறைவின்றி அறிந்துகொள்வது நல்லது. நம் சங்கம் வழங்கிவரும் உதவித்தொகையின் பொருளும் அதுவே.

ஸ்டெர்னிடம் தொடக்க முதலே ஒரு குணம் இருந்தது. பெரியவர் சொன்னார் என்பதற்காக எதனையும் ஏற்றுக்கொள்ளமாட்டார். 1913இல் டேனிய நாட்டு அறிஞர் நீல்ஸ் போர், அணுவினுள் எலெக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டுமே சுற்றும் என்றும், இடைப்பட்ட பாதைகள் அவற்றுக்கு இல்லை என்றும் ஒரு கொள்கையை வெளியிட்டார். ஸ்டெர்னும் அவருடைய நண்பர் லாவே என்பாரும் சூரிச் நகரை ஒட்டிய மலையில் உலாவச் சென்றபோது, இந்தப் பொருந்தாக் கொள்கை மெய்யாகிவிட்டால் பௌதிகத்தையே விட்டுவிடுவோம் என்று தமக்குள் சூளுரைத்துக்கொண்டனராம். இருவரும் பின்னர்ப் பௌதிகத்தை விடவில்லை. போர் கொள்கையின் விளைவு ஒன்றினை மெய்ப்பிக்கும் பொறுப்பு, அதனை ஐயுற்ற ஸ்டெர்னின் கைக்கே பின்னாளில் வந்து சேர்ந்தது.

முதல் உலகப் போர் மூண்டது. ஸ்டெர்ன் படையில் சேர்ந்து, ருஷ்யப் போலந்தில் வானிலை பார்க்கும் பணியில் அமர்த்தப்பட்டார். போர் முடிந்தபின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் மாக்ஸ் போர்ன் தலைமையில் இயங்கிய கோட்பாட்டுப் பௌதிக நிறுவனத்தில் உதவியாளராகப் பணியேற்றார். (மாணவர்கள் நீல்ஸ் போரையும் மாக்ஸ் போர்னையும் ஒருவராகக் கருதிவிடலாகாது.) மிகச் சிறிய நிறுவனம் அது. ஆனால் அங்கே அடால்ஃப் ஷ்மிட் என்னும் கைதேர்ந்த கருவி வினைஞர் ஒருவர் இருந்தார். ஸ்டெர்ன் எண்ணுவதில் வல்லவரேயன்றிக் கருவியைக் கையாளுவதில் அவ்வளவு திறமுடையவர் அல்லர் என்று உடன் பணியாற்றியோர் குறித்துள்ளனர். அவருடைய எண்ணத்தைப் பித்தளையிலும் கண்ணாடியிலும் உருவாக்கித் தந்த கை ஷ்மிட்டினுடையது. பாடநூல்களில் ஷ்மிட்டின் பெயர் இல்லை. உடலுழைப்பைத் தாழ்வென்றும் மூளையுழைப்பை உயர்வென்றும் பிரித்து வைத்த ஒரு நாட்டில் வாழும் நாம், அப்பெயரை இங்கேனும் எழுதி வைப்போம்.

அங்கு ஸ்டெர்ன் முதலில் செய்த சோதனையும் வெள்ளியைக் கொண்டதே. ஒரு வாயுவின் மூலக்கூறுகள் எவ்வளவு வேகத்தில் பறக்கின்றன என்பதை மேக்ஸ்வெல் கணக்கிட்டு அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. எவரும் நேரில் அளந்து பார்த்ததில்லை. வெள்ளி பூசிய பிளாட்டினக் கம்பியை மின்சாரத்தால் சூடேற்றி, வெளிவந்த வெள்ளி அணுக்களை வெற்றிடத்தில் சுழலும் சட்டம் ஒன்றின் வழியே செலுத்தி, அவை தகட்டில் எவ்வளவு விலகி விழுகின்றன என்று ஸ்டெர்ன் அளந்தார். ஓடும் வண்டியிலிருந்து நேரே எறிந்த கல் சற்றுத் தள்ளி விழுவதைப் போன்றதே இது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர் என வந்தது. கணக்கும் கருவியும் ஒத்துப்போயின. அணுக்களை ஒரு கற்றையாக்கி வெற்றிடத்தில் ஓடவிட்டால் அவற்றை வேண்டிய கேள்வி கேட்கலாம் என்னும் நம்பிக்கை அவருக்கு இதிலிருந்து பிறந்தது.

அவர் கேட்க விரும்பிய கேள்வி யாதெனின், ஒவ்வொரு வெள்ளி அணுவும் ஒரு சிறு காந்த ஊசி போன்றது. ஒரு பிடி காந்த ஊசிகளை மேலே வாரி எறிந்தால், ஒன்று மேல் நோக்கியும், ஒன்று கீழ் நோக்கியும், ஒன்று சாய்ந்தும் எனப் பலவாறு நோக்கிக் கிடக்கும். அணுக்களும் அவ்வாறே எத்திசையையும் நோக்கி நிற்கலாம் என்பது பழைய பௌதிகத்தின் முடிவு. காந்தப் புலத்தில் அணுவானது குறிப்பிட்ட சில நிலைகளில் மட்டுமே நிற்கும், இடைப்பட்ட நிலைகள் அதற்கு இல்லை என்பது போர், சோமர்ஃபெல்ட் ஆகியோரின் கொள்கையிலிருந்து கிடைத்த முடிவு. இந்த இரண்டாவது முடிவைப் பலர் கணக்கிற்கான ஒரு வசதி என்றே கருதினர். அணு மெய்யாகவே அவ்வாறு நிற்கும் என்று நம்பியவர் சிலரே. இரண்டில் எது மெய் என்று நேரே சோதித்துப் பார்த்துவிடலாம் என ஸ்டெர்ன் 1921இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

சோதனையின் அமைப்பை மாணவர்கள் மனத்தில் கொள்ளுதல் வேண்டும். மிகச் சிறிய உலை ஒன்றில் வெள்ளி ஏறத்தாழ 1000 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றப்படும். அதிலிருந்து வெளிவரும் வெள்ளி ஆவி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கே அகலமுள்ள நுண்பிளவுகளின் வழியே புகுந்து, மெல்லிய கற்றையாக வெளிப்படும். அக்கற்றை 3.5 சென்டிமீட்டர் நீளமுள்ள காந்தத்தினிடையே ஓடிக் குளிர்ந்த கண்ணாடித் தகட்டில் போய்ப் படியும். காந்தத்தின் ஒரு முனை கத்தியின் அலகைப் போலக் கூராகவும், எதிர்முனை வாய்க்கால் போலக் குழிந்தும் இருக்கும். ஏன் இந்தக் கூரும் குழியும்? காந்தப் புலம் எங்கும் ஒரே சீராக இருந்தால் ஊசியின் வடமுனையும் தென்முனையும் சம விசையில் எதிரெதிரே இழுக்கப்படும். ஊசி திரும்புமேயன்றி இடம் பெயராது. ஓரிடத்தில் வலிமையாகவும் அடுத்த இடத்தில் குன்றியும் இருந்தால்தான் ஒரு முனையின் இழுப்பு மறுமுனையின் இழுப்பை வெல்லும். அணு பக்கவாட்டில் விலகும். எவ்வளவு விலகும் என்பது அது எத்திசை நோக்கி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அணுக்கள் எல்லாத் திசையிலும் நின்றால் தகட்டில் ஓர் அகன்ற பூச்சாக வெள்ளி படியும். சில நிலைகளே உண்டென்றால் தனித்தனிக் கோடுகள் தோன்றும். நடுவில் ஒன்றுமிராது.

சொல்லுவதற்கு எளிது. செய்வதற்கோ ஓராண்டுக்கு மேல் பிடித்தது. இப்பணியில் ஸ்டெர்னுக்குத் துணையாக வந்தவர், அதே பல்கலைக்கழகத்தில் சோதனைப் பௌதிகத் துறையில் இருந்த வால்ட்டர் கெர்லாக். கருவி முழுவதும் காற்று நீக்கப்பட்டிருத்தல் வேண்டும். அருகிலேயே உலை கொதிக்கும். கண்ணாடிக் குழாய்கள் வெடிக்கும். நுண்பிளவுகள் மயிரிழையளவு விலகினும் கற்றை தவறிவிடும். இரவு முழுவதும் பம்புகளைக் காத்துக் கிடக்க வேண்டும்.

பணமும் இல்லை. தோல்வியுற்ற ஜெர்மனியில் நாணயத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்த காலம் அது. பேராசிரியர் போர்ன் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொற்பொழிவாற்றி, நுழைவுக் கட்டணம் வசூலித்து, அத்தொகையைச் சோதனைக்குக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தபின், ஜெர்மனியைப் பூர்விகமாகக் கொண்ட நியூயார்க் வங்கியாளர் ஹென்றி கோல்டுமன் என்பவருக்குக் கடிதம் எழுத, அவர் டாலரில் நன்கொடை அனுப்பினார். நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தைக் கையில் ஏந்தி வீடு வீடாக ஏறி இறங்கிய நம் சங்கத்தின் முன்னோடிகள் இச்செய்தியைப் படித்து மகிழ்வர். அன்று வாயிற்படியில் நின்று ஓர் ஐந்து ரூபாய்க்காகக் காத்திருந்தவர்கள், பௌதிக வரலாற்றில் தமக்குத் துணை உண்டென்று அறிக.

இடையில் ஒன்று கூறுதல் வேண்டும். நாணயம் சரிந்துகொண்டிருந்த அதே ஜெர்மனியில், ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரப் பல்கலைக்கழகத்தில், 1921ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் மாணவராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டிருந்தார். இலண்டனில் மேற்கொண்ட படிப்பே முதன்மையாக இருந்தமையால் அங்குத் தொடர்ந்து தங்கிப் பயில அவரால் இயலவில்லை. ஸ்டெர்னுக்கும் அவருக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அந்நாளைய ஜெர்மனியின் கல்வி நிலையங்கள் உலகின் அறிவுப் பசியுடையோரை எவ்வாறு ஈர்த்தன என்பதற்கு இது ஒரு சான்று.

1921ஆம் ஆண்டு இறுதியில் தகட்டில் கிடைத்தது சற்று அகன்ற ஒரு பூச்சு மட்டுமே. வெள்ளி அணுவுக்குக் காந்தத் தன்மை உண்டு என்பது தெளிவாயிற்று, பிரிவு தெரியவில்லை. இதற்குள் ஸ்டெர்ன் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்துச் சென்றுவிட்டார். 1922இன் தொடக்கத்தில் இருவரும் கோட்டிங்கன் நகரில் சந்தித்து, இனி இயலாது, கைவிட்டுவிடலாம் என்ற முடிவுக்கே வந்தனர். அப்போது இரயில்வே வேலைநிறுத்தம். கெர்லாக் உடனே ஊர் திரும்ப வழியில்லை. கிடைத்த அந்நாளில் செய்முறை முழுவதையும் ஒருமுறை மீண்டும் எண்ணிப் பார்த்து, இன்னொரு தடவை முயல்வதென்று துணிந்தார். பிப்ரவரி 7ஆம் நாள் இரவு தொடங்கிய சோதனை 8ஆம் நாள் விடியலில் பலன் தந்தது. தகட்டின் நடுவில் வெள்ளிக் கோடு இரண்டாகப் பிரிந்து, ஓரங்களில் ஒன்றாகச் சேர்ந்து, திறந்த கண்ணின் இமைகளைப் போலக் காட்சியளித்தது. இரு கோடுகளுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு மட்டுமே. ராஸ்டாக்கிலிருந்த ஸ்டெர்னுக்குத் தந்தி பறந்தது. நீல்ஸ் போருக்கு அப்படத்தை ஒட்டிய அஞ்சலட்டை ஒன்றைக் கெர்லாக் அனுப்பினார்.

முதலில் கிடைத்த தகடுகளைப் பற்றி ஸ்டெர்ன் முதுமையில் ஒரு கதை சொல்லுவார். காந்தத்தைக் கடந்து வந்து படிந்த வெள்ளி மிக மெல்லியது, கண்ணுக்கே புலப்படவில்லை. கெர்லாக்கிடமிருந்து தகட்டை வாங்கி ஸ்டெர்ன் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கையில், வெள்ளியின் தடம் மெல்ல மெல்லக் கறுத்து வெளிப்பட்டதாம். குறைந்த சம்பளக்காரரான அவர் புகைத்தது மலிவான சுருட்டு. அதில் கந்தகம் மிகுதி. அவர் மூச்சுப் பட்டு வெள்ளி வெள்ளிச் சல்ஃபைடாக மாறிவிட்டது என்பது கதை. பெட்டியில் கிடந்த கொலுசு கறுப்பதைக் கண்ட நம் வீட்டுப் பெண்டிர்க்கு இது வியப்பைத் தராது. பிற்கால ஆய்வாளர் இருவர் இதனையும் சோதித்துப் பார்த்து, மூச்சு மட்டும் போதாது, சுருட்டுப் புகையையே தகட்டின்மேல் ஊதியிருக்க வேண்டும் என்று கண்டனர். புகைபிடித்தல் தீது, இக்கதையை மாணவர்கள் வேறு வகையில் கொள்ளற்க.

இனி, இவ்வரலாற்றின் உயிர்நிலைக்கு வருவோம். சோதனை போரின் கொள்கையை மெய்ப்பித்தது என்று எல்லோரும் கொண்டாடினர். ஆனால் அவர்கள் கண்டது அவர்கள் எண்ணிய பொருளையன்று. வெள்ளி அணுவின் காந்தத் தன்மைக்குக் காரணம், வெளிப்புற எலெக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றி ஓடும் ஓட்டமே என்று அவர்கள் கருதியிருந்தனர். ஐன்ஸ்டைனும் எரன்ஃபெஸ்டும் அதே ஆண்டில் கணக்கிட்டுப் பார்த்துத் திகைத்தனர். அணு காந்தத்தைக் கடக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் அத்தனை அணுக்களும் எவ்வாறு தம் நிலையைத் திருத்திக்கொண்டு இரண்டே வரிசையில் நின்றன? பழைய பௌதிகத்தில் இதற்கு விடை இல்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1925இல், ஹாலந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகத்து இளைஞர்களான ஊலன்பெக், கவுட்ஸ்மிட் ஆகிய இருவரும், எலெக்ட்ரானுக்கு ஓட்டத்தைத் தவிரத் தனக்கே உரிய தற்சுழற்சி ஒன்று உண்டு என்றனர். அவர்கள் அதை நிற ஒளிக்கோடுகளை ஆராய்ந்து கண்டனரேயன்றி ஃபிராங்க்ஃபர்ட் சோதனையிலிருந்து அல்ல. 1927 அளவில்தான் செய்தி விளங்கிற்று. வெள்ளி அணுவில் 47 எலெக்ட்ரான்கள் உள்ளன. அவற்றுள் 46 ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். எஞ்சிய ஒன்றற்கு, அது இருக்கும் நிலையில், ஓட்டத்தினால் வரும் காந்தத் தன்மை சிறிதும் இல்லை. எனவே கற்றை இரண்டாகப் பிரிந்தது முழுவதும் அந்த ஒற்றை எலெக்ட்ரானின் தற்சுழற்சியாலேயே. அதே 1927இல் அமெரிக்காவில் ஃபிப்ஸ், டெய்லர் ஆகியோர் ஒரே ஓர் எலெக்ட்ரானை உடைய ஹைட்ரஜன் அணுவைக் கொண்டு சோதித்தபோதும் கற்றை இரண்டாகவே பிரிந்தது. சுழற்சியின் அளவு பாதியாகவும், அதனால் வரும் காந்தத் தன்மை இரு மடங்காகவும் இருந்தமையால், பழைய கணக்கின் விடையும் புதிய உண்மையும் தற்செயலாக ஒன்றாகிவிட்டிருந்தன. கொள்கை பிழைபட்டிருந்தும் சோதனை பிழைபடவில்லை. நேர்மையாக அளந்து வைத்த ஒன்றற்குப் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது.

தற்சுழற்சி என்றவுடன் பம்பரத்தை எண்ணிக்கொள்வது இயல்பே. வகுப்பில் நானும் பம்பரத்திலிருந்தே தொடங்குவேன். ஆயின் அங்கேயே நின்றுவிடலாகாது. எலெக்ட்ரான் மெய்யாகவே ஓர் உருண்டையாகச் சுழன்றால் அதன் விளிம்பு ஒளியினும் விரைந்து ஓட வேண்டியிருக்கும் என்று அந்நாளிலேயே லோரன்ஸ் எடுத்துக்காட்டினார். பம்பரம் எப்பக்கமும் சாயலாம். எலெக்ட்ரானிடம் நாம் எத்திசையில் வைத்துக் கேட்டாலும் அது இரண்டே விடைகளில் ஒன்றைத்தான் தரும். மேல் நோக்கிப் பிரிந்த கற்றையை மட்டும் எடுத்து, அதே போல நிறுத்திய இரண்டாம் காந்தத்தின் வழியே விட்டால் அது மேலேயே செல்லும், பிரியாது. அந்த இரண்டாம் காந்தத்தைப் பக்கவாட்டில் கால் சுற்றுத் திருப்பி வைத்தால், அதே கற்றை மீண்டும் இடம் வலமாகச் சரிபாதியாகப் பிரியும். இடப்பக்கம் சென்றதை மட்டும் பிடித்து மறுபடியும் மேல் கீழ்க் காந்தத்தில் விட்டால், முன்பு மேலே சென்ற அணுக்களே ஆயினும், பாதி மேலும் பாதி கீழுமாகச் செல்லும். முதல் விடை அழிந்தே போய்விடுகிறது. கேள்வி கேட்பதே விடையை மாற்றிவிடுகிறது என்னும் குவாண்டம் இயலின் அடிப்படையை இதனினும் தெளிவாகக் காட்டும் சோதனையை யான் அறியேன். இன்றும் கல்லூரிகளில் குவாண்டம் இயலைத் தொடங்கும் ஆசிரியர் பலர் இதிலிருந்தே தொடங்குகின்றனர்.

நம் நாட்டிலும் இதற்கு அண்மையதொரு செய்தி உண்டு. ஒளித்துகளுக்கும் தற்சுழற்சி உண்டென்பதற்கான சோதனைச் சான்றை 1931இல் சர் சி.வி. இராமனும் பகவந்தமும் வெளியிட்டனர்.

ஸ்டெர்ன் 1923இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் பௌதிக வேதியியல் பேராசிரியரானார். அடுத்த பத்து ஆண்டுகள் அவர் வாழ்வின் பொற்காலம். அணுக்கற்றை, மூலக்கூற்றுக் கற்றை ஆகியவற்றுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஹீலியம் அணுக்களைப் படிகத்தின்மேல் செலுத்தி, அணுவும் அலையைப் போல நடந்துகொள்வதை எஸ்டர்மனுடன் சேர்ந்து காட்டினார். கோட்பாட்டில் புலியாகிய பவுலியும் அங்கே இருந்தார். அவர் அருகில் வந்தாலே கருவி உடையும் என்றொரு நகைச்சுவை நம்பிக்கை நிலவியதால், ஸ்டெர்ன் அவரை ஆய்வுக்கூடத்தினுள் விடுவதில்லையாம். மாட்டுப்பொங்கலுக்குக் கண்ணேறு கழிக்கும் நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்.

1933இல் ஃபிரிஷ், எஸ்டர்மன் ஆகியோருடன் புரோட்டானின் காந்தத் திருப்புத்திறனை அளக்கப் புகுந்தார். விடை இன்னதென்று கோட்பாட்டாளர் முன்னரே கூறிவிட்டனர். அளப்பது வீண் வேலை என்றும் அறிவுரை கூறினர். ஸ்டெர்ன் கேட்கவில்லை. அளந்தபோது எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வந்தது. புரோட்டான் எலெக்ட்ரானைப் போல எளிய துகள் அன்று, அதற்குள் ஏதோ உளது என்பதற்குக் கிடைத்த முதல் அறிகுறி அது.

அதே ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். ஏப்ரல் 7ஆம் நாள் பிறப்பித்த சட்டம், யூதராகப் பிறந்தவர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. ஒருவர் என்ன கற்றார், என்ன செய்தார் என்பது கேள்வியன்று. யாருக்குப் பிறந்தார் என்பதே கேள்வி. எஸ்டர்மனும் ஃபிரிஷும் வெளியேற்றப்பட்டனர். போரில் பணியாற்றியவர்களுக்கு அச்சட்டத்தில் தொடக்கத்தில் ஒரு விலக்கு இருந்தது. ஸ்டெர்ன் அதன் நிழலில் சிறிது காலம் ஒதுங்கியிருக்கலாம். தம்மோடு உழைத்தோர் தெருவில் நிற்கத் தாம் நாற்காலியில் அமர்ந்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை. தாமே பதவியைத் துறந்து, எஸ்டர்மனுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பத்து ஆண்டுகளில் கட்டிய ஆய்வுக்கூடம் சில திங்களில் கலைந்தது.

பிறப்பினால் ஒருவனைத் தள்ளி வைக்கும் கொடுமை நமக்குப் புதிதன்று. ஜெர்மானியச் சட்டத்தையும் நம் நாட்டுச் சாதியையும் ஒன்றென்று கூறமாட்டேன். அங்கே அது சில ஆண்டுகளில் கொலைக்களத்தில் போய் முடிந்தது, இங்கே அது நூற்றாண்டுகளாக ஊர்க்கோடியில் நின்று நீடித்தது. ஆயினும் அறிவியலின் பக்கமிருந்து பார்த்தால் இழப்பு ஒரே வகையினதே. ஸ்டெர்னைவிட ஐந்து ஆண்டுகள் இளையவரான மேகநாத் சாகா, டாக்கா மாவட்டச் சிற்றூர் ஒன்றில் சிறுகடைக்காரர் மகனாகப் பிறந்து, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயில வந்தபோது, விடுதியில் உயர்சாதி மாணவர்கள் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். அந்த இளைஞர்தாம் 1920இல் விண்மீன்களின் வெப்பத்தை அவற்றின் ஒளியிலிருந்து கணக்கிடும் சமன்பாட்டை உலகுக்குத் தந்தார். மேற்கொண்டு ஆராய அவர் சென்ற பெர்லின் ஆய்வுக்கூடம், போர்க்காலத்தின் இறுதியில் ஸ்டெர்ன் பணியாற்றிய அதே நெர்ன்ஸ்ட்டின் ஆய்வுக்கூடம்தான். சாகா அவ்விடுதியோடு மனம் கசந்து ஊர் திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வாறு திரும்பிப் போனவர் எத்தனை பேரோ, அவர்கள் பெயர் எந்த மலரிலும் இல்லை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்ப நிறுவனம் ஸ்டெர்னுக்கு இடமளித்தது. ஆயினும் ஹாம்பர்க்கில் இருந்த உதவியும் ஆட்களும் அங்கில்லை. நாற்பத்தைந்து வயதில் வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நட்ட மரம் முன்போலக் காய்ப்பது அரிது. கற்றைச் சோதனையின் தலைமை அவர் மாணவரிடம் சென்றது. ஹாம்பர்க்கில் அவரிடம் 1927இல் வந்து கற்ற இசிடார் ராபி, நியூயார்க்கில் கற்றையோடு வானொலி அலையையும் சேர்த்து, அணுக்கருவின் தற்சுழற்சியைப் புரட்டிப் பார்க்கும் முறையை 1938 அளவில் கண்டார். இன்று மருத்துவமனைகளில் உடலை அறுக்காமல் உள்ளே காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவி அந்த வழியில் வந்ததே. அணுக் கடிகாரமும் அவ்வழியினதே. 1967 முதல் ஒரு நொடி என்பதற்குச் சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகள் என்பதே இலக்கணம்.

ஸ்டெர்ன் நோபல் பரிசுக்கு 82 முறை பரிந்துரைக்கப்பட்டவர். 1943ஆம் ஆண்டுக்குரிய பௌதிகப் பரிசு, போரின் காரணமாக 1944 நவம்பரில் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதே வேளையில் 1944ஆம் ஆண்டின் பரிசு ராபிக்கு. ஆசிரியரும் மாணவரும் ஒரே நாளில் பரிசு பெறுவது எந்த ஆசிரியருக்கும் கிட்டாத பேறு என்று ஓர் ஆசிரியனாகிய நான் கருதுகிறேன். பரிசின் காரண உரையில் மூலக்கூற்றுக் கற்றை முறையும் புரோட்டானின் காந்தத் திருப்புத்திறனும் குறிக்கப்பட்டன. 1922ஆம் ஆண்டுச் சோதனை பெயரிட்டுக் குறிக்கப்படவில்லை. கெர்லாக்குக்குப் பரிசில் பங்கில்லை. அவர் ஜெர்மனியிலேயே தங்கி, 1944 முதல் அந்நாட்டு அணுக்கரு ஆய்வின் பொறுப்பாளராக இருந்து, போரின் முடிவில் பிற அறிஞர்களோடு இங்கிலாந்தில் காவலில் வைக்கப்பட்டார். விடுதலை பெற்று மியூனிக் பல்கலைக்கழகத்தில் மீண்டும் பணியாற்றி, 1979இல் மறைந்தார். ஓர் இரவில் ஒரே கண்ணாடித் தகட்டால் பெயர் இணைந்த இருவர் வாழ்வும் இவ்வாறு இரு திசையிற் சென்றது.

பரிசு பெற்றபின் ஸ்டெர்ன் நெடுநாள் பணியில் நீடிக்கவில்லை. ஓய்வு பெற்றுக் கலிஃபோர்னியாவில் உடன்பிறந்தார் வாழ்ந்த பெர்க்லி நகரில் குடியேறினார். மணம் செய்துகொள்ளவில்லை. நல்ல உணவிலும் சுருட்டிலும் திரைப்படத்திலும் விருப்பமுடையவர். 1969ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், தம் 81ஆம் வயதில், பெர்க்லியில் ஒரு திரையரங்கில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் உயிர் நீத்தார்.